பாதிரியார் செலவில் சூனியம்

எங்கள் கடலூர்ச் சீமையில், அண்ணாகிராமம் பக்கம் பலாப்பழம் அறுப்பவர் முதலில் கையில் எண்ணெய் தடவிக்கொள்வார். மறந்தால் போச்சு, அன்று முழுக்கப் பால் கையை விடாது. பழைய பிரசங்கங்களைக் கிளறி, எந்த வரி எந்த பைபிளிலிருந்து வந்தது என்று துப்புத் துலக்குகிறவர்கள் பாடும் அதுதான். சுளை எது, சடை எது என்று பிரிப்பதற்குள் விரலெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே வீட்டுக்கு வீடு 1560-ல் வந்த ஜெனீவா பைபிள். அதன் ஓரக் குறிப்புகள் ராஜாக்களை மதிக்கவில்லை என்று ஜேம்ஸ் மன்னருக்குக் கோபம். ஒரு பண்டிதர் பட்டாளத்தையே உட்காரவைத்து 1611-ல் புது பைபிள் போட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் மைல்ஸ் ஸ்மித். அந்த முன்னுரையில் அவர் எடுத்தாண்ட வசனங்களைத் தேடிப் போனால், பெரும்பாலும் ஜெனீவா பைபிளில் போய் நிற்கிறது! புது ஓட்டல் திறப்பு விழாவுக்கு எதிர்க்கடையிலிருந்து இட்லி வரவழைத்த கதை. மொழிபெயர்ப்புக் குழுவிலேயே இருந்த லான்சலாட் ஆண்ட்ரூஸும் பிரசங்க மேடை ஏறினால் பழைய கடைச் சரக்கைத்தான் அடிக்கடி எடுத்துவிட்டார். நாக்குக்குப் பழகிய ருசி அரசாணைக்கு அடங்குமா?

இதைத் தூக்கிச் சாப்பிடும் ஆள் நம் பக்கம் வந்துபோனவர்தான். 1864-ல் சிதம்பரத்தில் சைவப் பிரகாச வித்தியாசாலை தொடங்கினாரே, யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். இளவயதில் அவருக்கு வேலை வெஸ்லியன் மிஷன் பள்ளியில். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கம் செய்ய, வரிக்கு வரி கூட இருந்தவர் இவர். பாதிரியாருக்கு எத்தனை நிம்மதி! நல்ல தமிழ் கிடைத்தது. பையன் மனம் மாறிவிடுவான் என்ற நப்பாசையும் இருந்திருக்கும். 1850-ல் மொழிபெயர்ப்பு அச்சேறியது. பண்டிதத் தமிழ் என்று சென்னைப் பக்கத்து மிஷன்கள் முகம் சுளித்தன. பையனோ ஞானஸ்நானத் தொட்டிப் பக்கமே போகவில்லை.

அதற்கு முன்பே 1847 டிசம்பர் 31-ல், வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார். பிரசங்கம் செய்யும் பாணியும் மிஷன் வளாகத்தில் பார்த்துப் பழகியதே. பிறகு 1854-ல் வந்தது ‘சைவ தூஷண பரிகாரம்’. சைவர்களின் விளக்கு, தூபம், நைவேத்தியம் எல்லாம் மூடத்தனம் என்கிறீர்களே, உங்கள் வேதத்தைப் புரட்டிப் பாருங்கள் என்று மடக்கினார். பார்த்தால் யாத்திராகமத்தில் தங்கக் குத்துவிளக்கு இருக்கிறது. சாம்பிராணி போடப் பீடம் இருக்கிறது. ஆசாரியருக்குத் தனி உடுப்பு, அபிஷேகத் தைலம். லேவியராகமத்தில் மேசைமேல் படைத்த அப்பம் பன்னிரண்டு. நம்மூர் அர்ச்சகர் அந்தக் கூடாரத்துக்குள்ளே போனால், நைவேத்தியத்துக்கு எண்ணெய் பத்தாது என்பதைத் தவிர வேறு குறை சொல்ல மாட்டார். சைவ நூலில் இவ்வளவு பைபிளா என்று மிஷனரிகளே அசந்துபோனார்கள். அசராமல் என்ன? பாடம் நடத்தியது அவர்கள் பள்ளி, சம்பளம் கொடுத்தது அவர்கள் மிஷன்!

பூர்வீகம் விசாரிக்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் லேசில் போகாது. 1867-ல் வள்ளலார் பாடல்கள் ‘திருவருட்பா’ என்ற பெயரில் வெளிவந்தன. அருட்பா என்றால் திருமுறைகள்தான், இது எப்படி அருட்பா ஆகும் என்று நாவலர் கிளம்பினார். அருட்பாவா மருட்பாவா என்று நோட்டீசுகள் பறந்தன. 1869-ல் விவகாரம் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட் படியேறியது. வள்ளலார் உள்ளே வந்தபோது நாவலரே எழுந்து நின்றுவிட்டார் என்று இன்றும் கதை சொல்வார்கள் இந்தப் பக்கம்.

யாழ்ப்பாணத்தில் அடுத்த வீட்டுப் பலாவைக் கையில் ஒட்டாமல் அறுத்தவர், பலாவுக்குப் பேர்போன இந்தச் சீமைக்கு வந்து எண்ணெய் தடவ மறந்துவிட்டார்.