தோளுக்கு மேல் 6 அங்குலம்: ஹேண்டில்பார்ச் சட்டங்கள் குறித்து ஓர் அளவையியல் ஆய்வு

மனிதன் இரு கைகளையும் தூக்கியபடி நெடுநேரம் இருப்பது மூன்று நிலைகளில்: தவம், சரணாகதி, கைப்பிடி உயர்ந்த சாப்பர் மோட்டார் சைக்கிள் ஓட்டுதல். மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக்காலில் நிற்கும் தவசிக்குக் கை இவ்வளவுதான் உயரலாம் என்று எந்தப் பல்லவனும் ஆணையிடவில்லை. சாப்பர்காரனுக்கு மட்டும் அமெரிக்க மாநிலங்கள் பல வரம்பு கட்டியிருக்கின்றன. இந்த ஓரவஞ்சனையே நம் ஆய்வுப்பொருள்.

'ஈஸி ரைடர்' (1969) படத்தில் பீட்டர் ஃபோண்டா ஓட்டிய உயர்ந்த கைப்பிடி ஹார்லி, கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற கறுப்பினக் கலைஞர்களின் கைவண்ணம். 'ஏப் ஹேங்கர்' எனப்படும் நெட்டைக் கைப்பிடி மீதான மோகத்தை உலகெங்கும் பரப்பியதில் அந்தப் படத்துக்குப் பெரும் பங்குண்டு. கைப்பிடியை உயர்த்துவது லேசான காரியமும் அல்ல. கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், சுவிட்ச் ஒயர் எல்லாவற்றையும் நீளமாக வாங்கி மாற்ற வேண்டும். அதன்பிறகு கை மரத்துப்போவது இலவசம்.

கலிபோர்னியாவின் வாகனச் சட்டம் 27801ஆம் பிரிவு சொல்வது இரண்டு. சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொட வேண்டும். பிடியிலிருக்கும் கை, தோள் உயரத்துக்கு மேல் 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. படிக்க எளிது, வீட்டில் செய்து பார்த்தால் வம்பு. ஆறடிக் கணவர் ஓட்டும்போது சாதுவாக இருக்கும் வண்டி, ஐந்தடி மனைவி ஏறியதும் குற்றவாளியாகிறது. அவருக்குக் கால் எட்டவில்லையே என்று சீட்டைத் தாழ்த்தினால் தோளும் கூடவே இறங்கும். கை வரம்பு மீறும். முதல் விதிக்குப் பணிந்தவர் இரண்டாம் விதியில் மாட்டுகிறார்.

ஃபுளோரிடாவில் 6 அங்குலச் சலுகையும் இல்லை. முறையாக அமர்ந்திருக்கையில் பிடி தோளின் உச்சியைத் தாண்டக் கூடாது. 'முறையாக' என்ற அந்தச் சொல்லில்தான் கூனலின் சட்டநிலை தொங்குகிறது. போலீஸைக் கண்டதும் ஓட்டுநர்கள் ஏன் முதுகை நிமிர்த்துகிறார்கள் என்பதற்கு மரியாதை தவிர வேறு காரணமும் இருக்கலாம்.

ஜார்ஜியா தோளையே நம்பவில்லை. ஆள் அமரும் சீட்டுப் பகுதியிலிருந்து 25 அங்குலம் என்று அளக்கிறது. அறிவியல்பூர்வமாகத் தோன்றும், ஆனால் சீட்டு என்பது ஸ்பாஞ்சு. அழுந்திய சீட்டிலிருந்து அளந்தால், ஓட்டுநர் எடை போடப் போட, தொடாத கைப்பிடி தானாக உயர்கிறது. பர்கர் தின்று சட்டத்தை மீறும் வாய்ப்பு இவ்வாறு பிறக்கிறது. கடைக்காரரோ 16 அங்குலம் என்று விற்பதைக் கைப்பிடி வண்டியோடு பொருந்தும் கிளாம்பிலிருந்து அளந்து விற்கிறார். தோள், சீட்டு, கிளாம்ப் என்று சுழியத்துக்கே மூன்று இருப்பிடங்கள்.

சட்டத்தின் பக்கமும் நியாயம் உண்டு. கை தலைக்கு மேல் தொங்கினால் சோர்வு சீக்கிரம் வரும், அவசரத்தில் திருப்புவதும் தடுமாறும். ஆனால் பந்தய வண்டிபோல் கைப்பிடியைத் தாழ்த்தி, டாங்கின்மேல் குப்புறப் படுத்து, மணிக்கட்டு ஒடிய ஓட்டுபவரைப் பற்றி 27801 வாயே திறக்கவில்லை. அதிகாரத்துக்குக் குனிந்தவன் மேல் கோபம் வராது போலும்.

இன்னொரு சிக்கல்: கையால் சைகை காட்டி வலப்பக்கம் திரும்புகிறவர் இடக்கையை மேலே உயர்த்த வேண்டும் என்பதும் கலிபோர்னியச் சட்டமே. அப்போது கை தோளைத் தாண்டி வெகுதூரம் போகிறது. குற்றமில்லை, அது பிடியில் இல்லையே.