பேசியபடி

நாகர்கோவிலில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே சாரம், காதில் ஹெட்போன். 2020 ஊரடங்கில் ஊருக்கு வந்த மென்பொருள்காரர். சோழிங்கநல்லூருக்குத் திரும்பவே இல்லை. மாடி அறையில் உட்கார்ந்து பெங்களூருக்கும் டல்லாசுக்கும் கோடு எழுதுகிறார்.

காரணம் சொல்வதில் மன்னன்தான். ஆனால் மீன்கடையில். ஜூலை மாதம் ஒரு பாறை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு மனைவியிடம் ஆரம்பிப்பார்: “குளச்சல்ல விசைப்படகுக்கு 31 வரைக்கும் தடையாக்கும். சின்னமுட்டத்துக்கு ஜூன் 14-லயே முடிஞ்சாச்சு. இவன் குளச்சல் மீனுன்னு சொல்லுகான். வள்ளத்துல பிடிச்சதுன்னா, நேத்து அடிச்ச கச்சான் காத்துல வள்ளமே எறங்கல்ல. அப்போ இது ஐஸ் மீனா இல்லையா?”

“வாங்குவியளா, இல்ல பாறைக்கு ஜாதகம் எழுதுவியளா?”

அதே வாய் மாலை மீட்டிங்கில் ஒரே சொல் சொல்லும்: “டன்.” சர்வருக்காகக் காத்திருக்கும் நேரம் 30 நொடியிலிருந்து 75 ஆகியிருக்கும். குறிப்பில் “ஃபிக்ஸ்டு” என்று மட்டும் இருக்கும். மற்ற அனைவரும் மியூட்டில்.

மீட்டிங் முடிந்ததும் அதே டீமில் உள்ள கோட்டார்க்காரருக்குப் போன் போகும். “மக்கா, மாசக் கடைசில சம்பளம் போடுத அன்னிக்கு அந்த பேங்க் சர்வர் பதில் சொல்ல ஒரு நிமிசத்துக்கு மேல ஆவும்லே. 30-ல துண்டிச்சா நம்ம ஆளு திரும்ப அனுப்புவான், பணம் ரெண்டு தடவை போவும்.”

அருமையான காரணம். கோட்டாரைத் தாண்டவில்லை.

இது சோம்பல் என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் ஒரு காரணம் சொன்னால் ஒரு மறுகேள்வி வரும். அதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும். போதாததற்கு டல்லாசுக்கும் நமக்கும் பத்து மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். அவர்கள் கேட்கும் நேரத்தில் இவர் குறட்டை.

அதே டீமில் உள்ள பெங்களூர்ப் பெண் ஒருத்தி நிரலைச் சுத்தம் செய்தபோது அந்த 75 உறுத்தியது. எதற்கென்று எங்கும் எழுதியிருக்கவில்லை. 30 ஆக்கினாள். மாதக் கடைசி வந்தது. சிலருக்குச் சம்பளம் இரட்டையாய் விழுந்தது. அவர்களில் ஒருவரும் புகார் கொடுக்கவில்லை.

இந்த வியாதிக்கு அமெரிக்காவில் மைக்கேல் நைகார்டு என்ற மென்பொருள்காரர் 2011-லேயே மருந்து எழுதிவிட்டார்: முக்கியமான முடிவு ஒவ்வொன்றுக்கும் ஓரிரு பக்கம், என்ன சூழல், என்ன முடிவு, அதனால் வரும் விளைவு என்ன. மேலாளர் அந்தப் படிவத்தை எல்லோருக்கும் அனுப்பினார். நம்மவர் அன்றே நிரப்பி அனுப்பிவிட்டார்.

சூழல்: பேசியபடி.
முடிவு: 75.
விளைவு: பார்க்கலாம்.

டல்லாசிலிருந்து கட்டைவிரல் வந்தது.