வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு சுற்றறிக்கை

பெறுநர்: மலைக் கிராமங்களில் தாயின் வயிற்றில் தங்கியிருக்கும் அனைத்துக் குழந்தைகள்.

பொருள்: பிறத்தல் – மலைப்பகுதி – நேரமும் இடமும் முறைப்படுத்துதல் – அறிவுரைகள் வழங்குதல் – தொடர்பாக.

பொருளில் காணும் விவரம் குறித்துத் தங்கள் கவனம் ஈர்க்கப்படுகிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில் நடப்பதாகத் தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21) கணக்குச் சொல்கிறது. மிச்சமிருக்கும் அந்தப் புள்ளி நான்கில் போய் விழுந்து அரசுக்கு அவப்பெயர் தேடித் தர வேண்டாம் எனத் தாங்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். காலை பத்துக்கு மேல் மாலை ஐந்துக்குள், மழையில்லாத நாளில், ஓடையில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஓடும்போது, யானை வேறு பக்கம் போயிருக்கும் வேளையாகப் பார்த்துப் பிறக்கவும். வலியைத் தொடங்குமுன், செல்போனில் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு யாராவது ஏறிவிட்டார்களா என்று உறுதி செய்துகொள்ளவும். தலைதான் முதலில் வர வேண்டும். கால் முதலில் வருவது விதிமீறலாகக் கருதப்படும்.

இப்படி ஒரு சுற்றறிக்கை இன்னும் வரவில்லை. வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் இதே உத்தரவைத்தான், பிள்ளைக்குப் பதில் தாய்க்கு, வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறோம். "முன்கூட்டியே திட்டம் போட்டு வெச்சுக்கணும்மா" என்று கருணை வழியச் சொல்கிறோம். சாலை போடத் திட்டமில்லாதவர்கள், மருத்துவச்சியை நியமிக்கத் திட்டமில்லாதவர்கள், இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு அவளைத் திட்டம் போடச் சொல்கிறார்கள்.

அவளும் போடத்தான் செய்கிறாள். அந்தத் திட்டத்துக்கு மலையில் டோலி என்று பெயர்.

டோலி கட்டுவதை ஒரு தடவை கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். ஆள் கனம் தாங்குகிற மூங்கில் கழி. அதில் கம்பளிப் போர்வையின் இரண்டு முனையையும் இழுத்து முடிவார்கள். முடிச்சுப் போட ஊரில் ஒரு பெரியவர் இருப்பார். மற்றவர்கள் போட்டதை அவிழ்த்து அவர் மறுபடி போடுவார். பிள்ளை தொட்டிலில் கிடப்பது மாதிரி, வயிற்றுப் பிள்ளையோடு அவள் அதற்குள் சுருண்டு கொள்ள வேண்டும். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், தோள் மாற்ற இன்னும் நாலு பேர். இறக்கத்தில் முன்னால் போகிறவன் தோளில்தான் பாதிக்கு மேல் கனம் இறங்கும். கழி உருளாமலிருக்கத் துண்டைச் சும்மாடு மாதிரி மடித்து வைத்துக்கொள்கிறான். வலி வரும்போதெல்லாம் போர்வைக்குள்ளிருந்து, "நிறுத்துங்கண்ணா" என்று குரல் வரும். "இரும்மா, அந்தப் பாறை தாண்டட்டும்" என்பார்கள். வலி பாறை வரைக்கும் பொறுக்குமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. டார்ச் பிடித்து முன்னால் நடந்த பையனுக்குப் பதிமூன்று வயதுக்கு மேல் இருக்காது.

எட்டு ஆள் கிடைத்ததால்தான் அந்தத் திட்டமும் ஓடியது. மிளகு பறிக்க, காப்பிக்கொட்டை எடுக்க என்று வாலிபர்கள் கேரளாவுக்கும் குடகுக்கும் போய்விட்ட மாதங்களில் ஊரில் இருப்பது கிழவர்களும் ஆடுகளும்தான்.

கொடைக்கானல் பக்கம் வெள்ளகவி என்று ஓர் ஊர். மலையேற்றப் பிரியர்களுக்கு அது சொர்க்கம். ஊருக்குள் செருப்புப் போட மாட்டார்கள், தலைமுறை தலைமுறையாக வண்டிப் பாதை இருந்ததில்லை, எல்லாம் கால்நடைதான். ஆஹா என்று காசு கொடுத்து நடந்து போய்ப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அதே பாதையில் நோயாளியை டோலியில் இறக்கினால் அதற்கு ரீல்ஸ் கிடையாது, செய்தித்தாளில் மூன்று பத்திச் செய்திதான். மலையைப் பார்க்கிற கண்ணுக்கு அதில் இருக்கிற மனுஷி மட்டும் தெரிவதில்லை.

"என்ன செய்ய, வனத்துறை சட்டம் தடுக்கிறதே" என்று கையை விரிப்பார்கள். அந்தக் கையைக் கொஞ்சம் மடக்கச் சொல்லுங்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. கிராம சபை பரிந்துரைத்தால் பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, சாலை போன்றவற்றுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை விடலாம். ஹெக்டேருக்கு 75 மரம் வரை வெட்டலாம். சட்டம் மரத்தைக்கூட எண்ணி வைத்திருக்கிறது. எண்ணாமல் விட்டது டோலிகளைத்தான். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில், பாம்பு கடித்துச் செத்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைத் தாய் கையில் ஏந்தி மலையேறினாள். படம் நாடெங்கும் போனது. அதற்கப்புறம்தான் சாலைப் பேச்சு மேலிடத்தில் சூடு பிடித்தது. மலையில் ஒரு சாலைக்கான விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய ஆவணம் என்ன என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கீழே, சமவெளியில், பிரசவத் திட்டம் எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? ஜோசியர் குறித்துக் கொடுத்த நட்சத்திரத்துக்கும் லக்னத்துக்கும் டாக்டரிடம் தேதி வாங்குகிறார்கள். அதே தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் நூற்றுக்கு 63.8 பிரசவம் சிசேரியன். ராகுகாலம் முடிய அஞ்சு நிமிஷம் காத்திருந்து கத்தி வைக்கிற நாடு இது. அங்கே பிள்ளையின் நேரத்தை நாம் முடிவு செய்கிறோம். இங்கே பிள்ளை முடிவு செய்தால் அம்மாவைத் திட்டுகிறோம்.

டோலி தூக்கிய அந்த ஊரில் ஓர் ஆயா இருந்தார். பாதி ஊர் அவர் கையில் விழுந்தது. ஒரு காலத்தில் சர்க்கார் அவரைக் கீழே கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தது. சோப்புப் போட்டுக் கை கழுவு, சுத்தமான விரிப்பு போடு, புது பிளேடால் தொப்புள் கொடியை அறு, சுத்தமான நூலால் கட்டு, கொடியில் சாணி சாம்பல் எதுவும் வைக்காதே என்று சொல்லி ஒரு பையும் கொடுத்து அனுப்பியது. அந்தப் பையை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். காதறுந்த பை, உள்ளே ஒன்றுமில்லை. "அப்பக் கூப்புட்டுப் பை குடுத்தாங்க தம்பி. இப்பப் பிரசவம் பாத்தாக் கேசு போடுவேங்கறாங்க. நடுராத்திரி வந்து கதவத் தட்டறவங்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

ஆயாவுக்கு மாலை போட்டுத் தெய்வமாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. பிள்ளை வெளியே வந்தபின் ரத்தம் கட்டுக்கடங்காமல் போனால் இரண்டே மணி நேரத்தில் தாயின் உயிர் போய்விடலாம். அதை நிறுத்த ஆயாவின் கை போதாது. ஆக்ஸிடோசின் ஊசி வேண்டும், அந்த ஊசியைக் குளிரில் வைக்கப் பெட்டி வேண்டும், பெட்டிக்கு மின்சாரம் வேண்டும், இதெல்லாம் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். 2018இல், ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமே இல்லாத திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் ரத்தம் போய்ச் செத்தாள். அது வசதியிருந்தும் வேண்டாமென்று போன கிறுக்கு. அந்தக் கிறுக்கின்மேல் வந்த கோபத்தையும் சேர்த்து, வசதியே இல்லாத மலை ஆயாவின் தலையில் இறக்கி வைத்தார்கள். ஆயாவை எடுத்தது சரி என்றே வைத்துக்கொள்வோம். அவர் இருந்த இடத்தில் யாரை வைத்தீர்கள்?

நர்சம்மாவை என்பார்கள். மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது விதி. நல்ல பெண்தான், மலையேறி வருகிறவள்தான். பிரசவம் பார்க்கத்தான் அவளும் படித்தாள். இப்போது அவள் கையில் கர்ப்பிணியின் வயிற்றைவிட அதிக நேரம் இருப்பது பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவு. வாரம், எடை, ரத்த அளவு, ஆதார், வங்கிக் கணக்கு என்று அத்தனையும் ஏற்ற வேண்டும். ஏற்ற சிக்னல் வேண்டும். சிக்னலுக்கு அந்தப் பாறை வேண்டும். பாறையில் உட்கார்ந்து அவள் ஏற்றும் விவரம் சென்னைக்கு நொடியில் போய்விடும். அதில் இருக்கிற பெண்தான் போக முடியாது.

2018 டிசம்பரில் மத்திய அரசு மருத்துவச்சி சேவைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. செவிலியருக்கு 18 மாதம் தனிப் பயிற்சி, சுகப்பிரசவத்தைத் தானே பார்க்கும் அதிகாரம். படித்துவிட்டு எழுந்து நின்று கை தட்டலாம் போலிருந்தது. எங்கே அமர்த்துவார்களாம்? பிரசவக் கூட்டம் அதிகமுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில். டாக்டர் இருக்கும் இடத்துக்கு மருத்துவச்சியும் போகிறாள். டாக்டர் இல்லாத இடத்துக்கு வழிகாட்டுதலின் பிடிஎஃப் வருகிறது. அதையும் பாறையில் ஏறித்தான் இறக்க வேண்டும்.

முடியாத காரியம் என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பிரசவம் பார்க்கவும் அவர்களே கற்றுக்கொண்டார்கள். கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த பச்சைப் பிள்ளைகள் பிழைத்தார்கள். கடல் தாண்டினால் இலங்கை. 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து மருத்துவச்சியை வீட்டு வாசலுக்கு அனுப்பிய நாடு. (மலையகத் தோட்டத்து லயங்களுக்கு அவள் வந்துசேர வெகுகாலம் பிடித்தது; மேட்டுநிலத்துத் தமிழச்சி எந்த நாட்டிலும் வரிசையில் கடைசிதான்.) குடிசையில் நடந்தது, ஏழை நாட்டில் நடந்தது, இங்கே மட்டும் கோப்பில் நடக்கிறது.

மலையடிவாரத்தில் பிரசவக் காத்திருப்பு அறை உண்டே என்பீர்கள். உண்டு. நாள் நெருங்கும்போதே வந்து தங்கிக்கொள்ளலாம். மூத்ததுகள் இரண்டு, மாமியாரின் இருமல், ஆறு ஆடு, ராகிக் காடு, நாள் கூலி இதையெல்லாம் எந்த அறையில் வைப்பது என்பதற்கு மட்டும் இன்னும் அரசாணை வரவில்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் மகப்பேறு உதவி உண்டு, அதோடு தரும் பெட்டகத்தில் நெய் உண்டு, பேரீச்சம்பழம் உண்டு. சமுதாய வளைகாப்பு உண்டு. வரிசையாக உட்கார வைத்து, சந்தனம் பூசி, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, கலவை சாதம் போட்டு அனுப்புவார்கள். டோலி இறங்கும்போது அந்த வளையல் கழியில் இடித்து உடைகிற சத்தத்தை நான் கேட்டேன்.

அன்று அவள் பாறையையும் தாண்டவில்லை, அடிவாரத்தையும் பார்க்கவில்லை. பாதி வழியில் டோலியை இறக்கி, பெண்கள் சேலையைச் சுற்றிப் பிடிக்க, கேஸ் பயத்தோடு கூடவே நடந்து வந்திருந்த ஆயாதான் பிள்ளையை ஏந்தினார். பிழைத்தார்கள். கீழே 108 காத்திருந்தது, ஏற்றிக்கொண்டு போனது.

சில நாள் கழித்துப் பிறப்பைப் பதிய அவள் புருஷன் போனான். துணைக்கு நானும் போனேன்.

"எங்கப்பா பொறந்துச்சு? வீடா, ஆஸ்பத்திரியா?"

"புங்க மரத்தடிங்க சார். நாலாவது வளைவுல."

எழுத்தர் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"அப்படி ஒரு கட்டமே இல்லையேப்பா" என்றவர், கொஞ்சம் யோசித்து, ஆஸ்பத்திரி என்று அழுத்தினார்.