பண்டிச் சூப்பும் பலகை மறைப்பும்

ஃபுக்குவோக்கா,
ஜப்பான்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

முதலே ஒண்டு சொல்லிப் போடுறன். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுறதெண்டால், பண்டி எண்டு வாற இடமெல்லாம் மரக்கறி எண்டு வாசியுங்கோ. சந்தையில மரக்கறி விக்கிற உங்களுக்கு அது வாயில தானாய் வரும்.

போன் எடுக்கிற நேரமெல்லாம் என்னடா சாப்பிடுறாய் எண்டு கேக்கிறியள். நான் இருக்கிற இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் குடுத்ததே பண்டி எலும்புச் சூப்பில நூடில்ஸ் போட்டுத் தாற ராமென்தான். அதில பேர்போன கடை இச்சிரான். 1960இல இஞ்ச சின்னதாய்த் துவங்கினது, இப்ப ஹொங்கொங், நியூயோர்க் வரைக்கும் கிளை விட்டிட்டுது. நக்காசு எண்ட இடத்தில ஆத்தங்கரையோட தலைமைக் கடை. மாணவர் விசாவில கிழமைக்கு 28 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்தில வாடகையும் கட்டி, பள்ளிக்கூடத்துக்கும் கட்டி, மிச்சத்தில ஒரு கோப்பை ராமென் எண்டால் யோசிச்சுத்தான் போகவேணும். ஆயிரம் யென்னுக்குக் கிட்ட வருகுது. எங்கட காசில ரெண்டாயிரம் ரூபா. சித்தி கணக்குப் பாக்க முன்னம் அடுத்த பந்திக்குப் போவம்.

வாசலில நீட்டு வரிசை. பெட்டி படுக்கையோட எயர்போட்டில இருந்து நேர வந்து நிக்கிற சனமும் இருக்கு. உள்ள போனால் வாங்கோ, இருங்கோ எண்டு சொல்ல முதலாளி இல்லை, ஒரு மெசின்தான் நிக்குது. காசைப் போட்டு, பொத்தானை அமத்தி, துண்டை எடுக்கவேணும். எந்தக் கதிரை காலி எண்டு சொல்லவும் ஆளில்லை. சுவரில ஒரு பலகை, அதில லைட் எரியிறதைப் பாத்து நாங்களே போய் இருக்கவேணும்.

இருக்கிற இடம் இருக்கே சித்தப்பா, அது அசல் வாக்குச்சாவடி. ரெண்டு பக்கமும் பலகை மறைப்பு, முன்னுக்கு ஒரு சின்ன மூங்கில் திரை, கையில ஒரு கடதாசி. சூப் தடிப்பாயோ தண்ணியாயோ, உள்ளி எவ்வளவு, வெங்காயத்தாள் வேணுமோ, நூடில்ஸ் இறுக்கமாயோ குழைவாயோ, உறைப்பு எத்தினை எண்டெல்லாம் அதில கேட்டிருக்கு. பழக்கதோஷத்தில புள்ளடி போடக் கை போச்சு. இஞ்ச வட்டம் போடவேணுமாம். சிவப்புச் சோஸ் உறைப்புக்குப் பத்து எண்டு எழுதினன். யாழ்ப்பாணத்தான் அதுக்குக் கீழ எழுதினால் ஊரில என்ன மரியாதை? பேந்து சாப்பிடேக்கயும் மூக்கில ஒரு சொட்டுத் தண்ணி வரேல்லை.

கொஞ்ச நேரத்தால திரைக்கு அங்கால ரெண்டு கை தெரிஞ்சுது. கோப்பையை வைச்சுது. பேந்து ஒரு தலை குனிஞ்சு கும்பிட்டுது. திரை இறங்கிச்சுது. சரி, அவ்வளவுதான். சமைச்சவன் ஆர், எந்த ஊர், கலியாணம் கட்டினவனோ, ஒண்டும் தெரியாது.

ஆனால் சூப் திறம். பால் மாதிரி வெள்ளை, நடுவில அந்தச் சிவப்பு, ரெண்டு துண்டு பண்டி. பாலும் இல்லை, மாவும் இல்லை. எலும்பை மணிக்கணக்காய்த் தளதளவெண்டு கொதிக்க விட, எலும்புப் பசையும் கொழுப்பும் தண்ணியோட ஒண்டாய்க் கலந்து அந்த வெள்ளை வருகுது. இதே மாகாணத்தில குருமே எண்ட ஊரில 1937இல ஒரு தள்ளுவண்டிக் கடையிலதானாம் பண்டி எலும்பு ராமென் துவங்கினது. அப்ப சூப் தெளிவாய் இருந்ததாம். 1947இல அங்க வேறொரு கடையில அடுப்பில வைச்சதைக் கவனியாமல் விட, கொதி மிஞ்சி வெள்ளையாய்ப் போச்சாம். ஊத்த முன்னம் ருசி பாத்த புண்ணியவானாலதான் நான் இண்டைக்கு இதைக் குடிக்கிறன்.

உங்களுக்குப் பிடிக்கிற கதை ஒண்டு. இந்த நூடில்ஸ் நூல் மாதிரி மெல்லிசு. ஏனெண்டால் நாகஹாமா மீன் சந்தைக்காரருக்கு நிண்டு சாப்பிட நேரமில்லை. மெல்லிசெண்டால் கெதியில அவியும். ஆனால் கெதியில ஊறியும் போகும். அதால முதல் கொஞ்சமாய்ப் போட்டு, சூப்பை மிச்சம் விட்டால் ரெண்டாம் தரம் நூடில்ஸ் மட்டும் தருவினம். அதுக்குப் பேர் கயேதாமா. விடியக் காலமை லொறியில இருந்து கத்தரிக்காய் மூட்டை இறக்கிற உங்கட ஆக்களுக்கு இது நல்லாய் ஒத்துவரும். இச்சிரானில அதைக்கூட வாயால கேக்கத் தேவையில்லை. ஒரு தகட்டைப் பொத்தானில வைச்சால் பாட்டுப் போடும், ஆள் வரும்.

பொம்பிளையள் வெக்கப்படாமல் தனிய வந்து சாப்பிடவும், கவனம் சூப்பை விட்டுப் போகாமல் இருக்கவும் இந்தப் பலகை மறைப்பாம். நியாயம்தான். எண்டாலும் பக்கத்தில உறிஞ்சிற சத்தம் மட்டும் கேக்க, ஆளைக் காணாமல் சாப்பிடுறது எங்களுக்குச் சரிவராது. எங்கட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துச் சண்முகதாஸ் ஐயாவும் மனோன்மணி அம்மாவும் ஜப்பான் பேராசிரியர் சுசுமு ஓனோவோட சேந்து, தமிழுக்கும் ஜப்பான் மொழிக்கும் உறவு தேடி வருசக்கணக்காய் ஆராய்ஞ்சவை. மொழியில உறவு இருக்கலாம். வாயில இல்லை. எங்கட மருதனார்மடச் சந்தியில ஒரு பிளேன்ரீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆற்ற காணி ஆருக்கு விலைப்பட்டது எண்டது வரைக்கும் தெரிஞ்சிடும்.

சூப் முடிய, கோப்பை அடியில ஏதோ எழுதியிருந்துது. இந்தக் கடைசிச் சொட்டுத்தான் பெரிய சந்தோசம் எண்டு கருத்தாம். கடை முழுக்க என்னோட கதைச்சது அந்தக் கோப்பை ஒண்டுதான்.

என்ர தீர்ப்பு: சூப்புக்கு இச்சிரான், மனிசருக்கு ஆத்தங்கரையில இரவில போடுற தள்ளுவண்டிக் கடை. அங்க தோளோட தோள் இடிபட்டுத்தான் இருக்கலாம், கதையாமல் எழும்ப ஏலாது. நீங்கள் வந்தால் ரெண்டுக்கும் கூட்டிக்கொண்டு போவன்.

அடுத்த பார்சலில மிளகாய்த்தூள், ஒடியல் மா, பினாட்டு வையுங்கோ. இறைச்சி வத்தல் வைக்க வேண்டாம் எண்டு சித்தியிட்டச் சொல்லுங்கோ. இறைச்சிச் சாமான் தபாலில வந்தால் இஞ்ச மறிச்சுப் போடுவாங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள பெறாமகன்