கால்மாட்டுல நிக்குது கொடுவா

வா தம்பி. அந்தக் கல்லு மேல உக்காரு, ஈரம் இல்ல. மூச்சு வாங்குது பாரு. முதுகுல ஒரு பை, நெஞ்சுல ஒரு பை, இடுப்புல ஒரு பை, கையில ஒரு குழாய், தலையில விளக்கு, கண்ணுல கறுப்புக் கண்ணாடி. பொழுதே இன்னும் விடியல, அதுக்குள்ள கண்ணாடி. ஈசிஆர் ரோட்டை இன்னும் அகலப்படுத்த அளக்க வந்த ஆபீசர்னு நெனச்சு எந்திரிக்கப் பாத்தேன். கொடுவா பிடிக்கத்தான் வந்தியா? அப்ப உக்காந்தே பேசறேன்.

அந்தக் குழாயத் தெற, பாப்போம். அடேயப்பா! நாலு துண்டு, கோத்தா 9 அடி. தொட்டா வளையுது, விட்டா நிமிருது. என் மூத்த மருமகன் சுபாவம் அப்படியே இருக்கு. இந்தக் கயிறு ஏன் இவ்வளவு தடி? தங்கூசி நுனியில மட்டும்தானா? தக்கை இல்ல, ஈயம் இல்ல. கயித்தோட கனமே இறகை இழுத்துட்டுப் போவும்னு சொல்ற. சரி, புரியுது. நாங்க ஈயத்தை வீசுவோம், நரம்பு பின்னாடி போவும். நீ கயித்தை வீசுற, முள்ளு பின்னாடி போவுது. கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் பின்னாடி ஊர் நடக்கறது ஒரு வகை. ஊரே சேந்து மாப்பிள்ளையத் தூக்கிட்டுப் போறது இன்னொரு வகை. ரெண்டுலயும் தாலி ஏறினா சரி.

இறகைக் காட்டு. ம்... வெள்ளையும் பச்சையும், நடுவுல ஜிகினா. பேரு என்ன சொன்ன, கிளவுசரா? பாப் கிளவுசர்னு ஒரு அமெரிக்காக்காரர் சஸ்குவெஹன்னா ஆத்து மீனுக்காகக் கட்டுனதா. இந்த ரெண்டு குண்டுக் கண்ணு எதுக்கு? தலை கீழ போயி முள்ளு மேல பாத்து நிக்கறதுக்கா, பாசியில சிக்காது, சரிதான். ஆனா தம்பி, கண்ணு கனக்குதே. ஈயமே இல்லன்னு சத்தியம் பண்ணுன, இங்க ஒளிச்சு வச்சிருக்க பாரு. மயிரு மான் வாலா? அதை மட்டும் இங்க சத்தமாச் சொல்லாத. வனத்துறைக்காரங்க காதுல விழுந்தா இன்னைக்கு மாட்டுறது கொடுவா இல்ல. வெள்ளாட்டு வால் மயிரு போதும், மூணாவது தெருவுல கேட்டா சும்மாவே வெட்டிக் குடுப்பாங்க.

இது என்னமோ புது வித்தைன்னு நெனக்காத. எங்கப்பன் வெள்ளைக் கோழி இறகைக் கட்டிப் பாறை மீனை ஏமாத்துனதை நான் டவுசர் போட்ட வயசுல பாத்திருக்கேன். போன மாசம் உன்ன மாதிரி ஒரு படிச்ச புள்ள வந்து, அதுக்கும் 1800 வருசம் முந்தின கதை ஒண்ணு சொன்னான். ஏலியன்னு ரோமாபுரியில ஒருத்தர், மாசிடோனியாக்காரங்க மீன் பிடிக்கறதை எழுதி வச்சிருக்காராம். முள்ளுல சிவப்புக் கம்பளி நூலைச் சுத்தி, சேவல் தாடிக்கு அடியில இருக்கற ரெண்டு இறகை வச்சுக் கட்டுவாங்களாம். கம்பு 6 அடி, நரம்பு 6 அடி. அதைக் கேட்டுட்டு நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அவனுக்கு 6 அடியில கெடச்ச மீனு, உனக்கு மட்டும் ஏன் 30 மீட்டருக்கு அந்தாண்ட ஓடுது?

எவ்வளவு தூரம் வீசுவ நீ? 25 மீட்டரா? இடுப்பளவு தண்ணியில எறங்கி நின்னுக்கிட்டா? நல்லா இருக்கு. இந்த முட்டுக்காட்டுப் போட் ஹவுஸ்காரங்களும் அதைத்தான் பண்றாங்க, மீனைக் கலைச்சு வுடுறது. அவங்களாவது டிக்கெட்டுக்குக் காசு வாங்குறாங்க.

இந்தக் கழிமுகத்தைக் கொஞ்சம் பாரு. கண்ணாடியக் கழட்டிட்டுப் பாரு. இன்னைக்குப் பஞ்சமி. ராவுல ஏறின தண்ணி இப்ப வத்துது. முட்டுக்காட்டுக் கழியில மேஞ்ச மடவைக் குஞ்சு, இறால் எல்லாத்தையும் வாரிக்கிட்டு இந்த வாய் வழியா கடலுக்குப் போவுது. மழைக்கு வெட்டிக்கிட்ட வாய், தை மாசம் வரைக்கும் தெறந்துதான் கெடக்கும். சித்திரை வைகாசியில மணல் அடைச்சுக்கிச்சுன்னா இந்த எடத்துல கிரிக்கெட் ஆடுவானுங்க, அப்ப வந்து கம்பை வீசினா பேட்ஸ்மேன்தான் மாட்டுவான். இப்ப தண்ணி ஓடுது. ஓடுற தண்ணியில கொடுவா என்ன பண்ணும்? நடு ஓட்டத்துல நின்னு மல்லுக்கட்டுமா? அது என்ன உன்ன மாதிரி ஜிம்முக்குப் போவுதா? பாலத்துத் தூணு, கல்லு, கரையோரப் பள்ளம், இப்படி ஓட்டம் அடங்குற எடமா பாத்து, தலைய எதிர்த்தண்ணிக்குக் காட்டி, சும்மா கெடக்கும். ஓட்டத்துல வர்றதை வாயத் தெறந்தா போதும், தண்ணியோட உள்ள போயிடும். மெல்லறதெல்லாம் கெடையாது, ஒரே உறிஞ்சு. 'டொப்'புனு ஒரு சத்தம் கேக்கும், சொம்பைத் தலைகீழாத் தண்ணியில அமுத்துன மாதிரி.

அப்ப அந்த ஓரம் எங்க இருக்கு? நீ எறங்கி நிக்கணும்னு நெனச்ச எடம்தான். மீனு மேல நின்னுக்கிட்டு மீனு இல்லாத எடத்துக்கு 25 மீட்டர் வீசுறீங்க. சாயந்திரம் வீட்டுக்குப் போயி, கழியில மீனே இல்ல, எல்லாத்தையும் வலைக்காரன் வாரிட்டான்னு எங்க மேல பழியப் போடுறீங்க.

நீ பாத்த வீடியோவெல்லாம் எந்த ஊரு? வேல்ஸ், அயர்லாந்தா? அது வேற கடல், வேற மீனு. பேருதான் பாஸு. அங்க பிரிஸ்டல் கால்வாய்ல தண்ணி 10 மீட்டருக்கு மேலயே ஏறி எறங்குமாம், மூணு மாடி வீடு முழுகற ஒசரம். நம்ம கடல் அமாவாசைக்கே ஒரு மீட்டர் பக்கம்தான், அதுக்கே ஊரைக் கூட்டும். அவன் அங்க தண்ணியத் தொரத்திக்கிட்டுப் போறான்னா அவனுக்கு அது நாயம். நீ நாலு எட்டு வச்சா நடு வாயில நிப்ப. ஆனா அவன்கிட்ட ஒண்ணு கத்துக்கலாம். 42 சென்டிமீட்டருக்குக் கொறஞ்ச பாஸை அங்க கரைக்குத் தூக்கக் கூடாதாம். ஸ்கேல் வச்சு அளந்து திருப்பி வுடுறானுங்க. நம்மாளு போன ஞாயித்துக்கெழம வெரல் நீளக் குஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நாலு போட்டோ எடுத்தான். குஞ்சு தெரியணும்னு கையை முன்னால நீட்டி நீட்டி, கடைசியில தோளுதான் பிசகிச்சு.

கொடுவாயப் பத்தி உனக்கு என்ன தெரியும்? இங்கிலீசுல சீபாஸ், ஆஸ்திரேலியாவுல பாரமுண்டி, வங்காளத்துல பேட்கி, மலையாளத்துல காளாஞ்சி. அத்தனை பேருக்கும் அது திரும்பிப் பாக்காது, எறால் வாசத்துக்குத்தான் திரும்பும். பெத்துப் போடறது உப்புத் தண்ணியில, வளர்றது கழியிலயும் ஆத்துலயும். மொதல்ல எல்லாமே ஆணு. சில வருசம் வாழ்ந்து அடிபட்டு, உடம்பு வச்சதுக்கு அப்புறம் பொட்டையா மாறிடும். சிரிக்காத, நெசம். புத்தி வர்றதுக்கு அதுக்குத் தெரிஞ்ச வழி அது. அதனால பெரிய உருப்படி மாட்டுனா அது ஆத்தாக்காரி, வயித்துல லட்சக்கணக்குல முட்டை இருக்கும். அதை வுட்டுடு. வுட மனசு வரலன்னா, எங்க வீடு அந்தக் கோயிலுக்குப் பின்னாடி, நீல கேட்டு.

மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தோட பண்ணை இங்க முட்டுக்காட்டுலதான் இருக்கு. 1997லயே அவங்க கொடுவாயத் தொட்டியில வச்சு முட்டை போட வச்சுட்டாங்க, நம்ம நாட்டுலயே மொத தடவ. அங்க வேலை பாக்கற பையன் ஒருத்தன் சொல்லுவான்: குஞ்சு பொரிச்சது பெரும்பாடு இல்ல தாத்தா, ஒண்ணை ஒண்ணு முழுங்காம காப்பாத்தறதுதான் பெரும்பாடுன்னு. கொஞ்சம் பெருசானது பக்கத்துல இருக்கற சின்னதைத் தின்னுடும். அதனால சல்லடை போட்ட மாதிரி அளவு பாத்துப் பிரிச்சுக்கிட்டே இருக்கணுமாம். கூடப் பொறந்ததையே முழுங்கறது உன் ஆட்டு மயிரை முழுங்காதா? முழுங்கும் தம்பி. அது பாக்கற எடத்துல போடணும், அவ்வளவுதான்.

சரி, காத்து. இப்ப கரைக்காத்து, உன் முதுகுல அடிக்குது. ஒம்பது பத்து மணிக்கு மேல கடக்காத்து திரும்பிடும். அப்புறம் நீ வீசுன கயிறு உன் மூஞ்சியிலயே வந்து விழும். உன் வித்தையில முன்னாடி வீசறதுக்குச் சமமாப் பின்னாடியும் வீசணும் இல்ல? பின்னாடி யாரு இருக்கான்னு ஒரு தடவ திரும்பிப் பாத்துக்க. போன வருசம் ஒரு புள்ள, இதே கல்லுல நின்னு, மொத வீச்சுல எளநிக்காரன் கைலியப் பிடிச்சான். நல்ல கனம், இழுத்துப் பாக்குறான், வர மாட்டேங்குது. பெருசு மாட்டிக்கிச்சுன்னு கத்துறான். எளநிக்காரனும் கத்துறான். கையில அருவா வேற. அன்னைக்குப் பிடிபட்டதுல அதுதான் பெரிய உருப்படி.

உருவுன கயிறு காலடியில கெடக்குமே, அதை என்ன பண்ணுவ? அலை வந்து வாரிக்கிட்டுப் போயி, கல்லுல சுத்தி, கோணல் ஜடை பின்னிடும். ஒரு பிளாஸ்டிக் வாளிய இடுப்புல கட்டிக்க. சிரிக்கற. வெளிநாட்டுக்காரன் அதுக்குன்னே கூடை விக்கறான்னு நீதான இப்ப சொன்ன? அவன் கட்டுனா கூடை, நான் சொன்னா வாளியா?

இறகை ஓட்டத்துக்கு மேப்பக்கம் குறுக்கப் போடு. தண்ணி அதைக் கொண்டுட்டுப் போயி அந்தக் கல்லுக்கு நேரா கொடுக்கட்டும். நீ நடுவுல புகுந்து உதவி பண்ணாத. அடிபட்ட குஞ்சு நேர்கோட்டுல ஓடாது. கொஞ்சம் இழு, கொஞ்சம் சும்மா வுடு. அந்தச் சும்மா இருக்கற நேரத்துலதான் அடிக்கும். உங்களுக்கு வராதது அதுதான், சும்மா இருக்கறது. ஒரு நிமிசம் ஓய்வு கெடச்சா போன எடுத்துடுறீங்க.

அடிச்சா கம்பைத் தூக்காத. கேட்டியா? தூக்கினா முள்ளு வாயிலேர்ந்து நழுவிடும். கம்பு நுனி தண்ணியப் பாத்தபடி இருக்கட்டும், கையில இருக்கற கயித்தை வெடுக்குனு ஒரு இழு. அப்பத்தான் தைக்கும். இரு, இரு. இழுக்கறது கையி, தைக்கறது கையி, கொண்டாறதும் பாதி நேரம் கையி. அந்தச் சக்கரம் என்ன பண்ணுது? சும்மா கயித்தைச் சுத்தி வச்சிருக்குது. அப்ப இது கைத்தூண்டில்தான? எங்க தாத்தன் ஓலைக்கட்டையில சுத்தி வச்சிருந்த அதே கைத்தூண்டில். அதுக்கு ஒரு 9 அடி அலங்காரத்தை மாட்டி, உன் ஒரு மாசச் சம்பளத்தை வாங்கிட்டு உனக்கே வித்திருக்கான் பாரு. அவன்தான்யா மீன் பிடிக்கறவன்.

தச்சதும் கொடுவா சும்மா வராது. மேல எகிறி, தலைய உதறும். செவுள் வெடவெடன்னு அடிக்கற சத்தம் கரைக்கே கேக்கும். அந்த நேரம் கம்பைத் தாழ்த்திக் கொஞ்சம் எளக்கம் குடு. முறுக்கா வச்சிருந்தா அறுத்துக்கும். செவுள் மூடி ஓரம் பிளேடு. தங்கூசியையும் அறுக்கும், வெரலையும் அறுக்கும். அதைப் பிடிச்சுத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க இந்த ஊர்ல நாலு பேர் இருக்காங்க, அதுல ஒருத்தன் நான். கீழ்த்தாடையப் பிடி. பல்லெல்லாம் உப்புத்தாள் மாதிரிதான், கடிக்காது.

ராத்திரி வந்தா பாலத்து வெளக்கு வெளிச்சம் தண்ணியில விழுதுல்ல, அந்த வெளிச்சத்துல வீசாத. எறாலும் குஞ்சும் அங்க கூடும். கொடுவா இருட்டு ஓரத்துல நின்னு வேடிக்கை பாத்துட்டிருக்கும், கல்யாண வீட்டு வாசல்ல நிக்கற சொந்தக்காரன் மாதிரி. டார்ச் அடிச்சா கண்ணு தணலாட்டம் மின்னும். அடிச்சுப் பாத்துட்டு வீசறதுல பிரயோசனம் இல்ல, அது உன்னைப் பாத்துடுச்சு.

நேத்து எங்க கெடச்சுதுன்னு கேக்கறியா? அது தெரியாது தம்பி, எனக்கு இப்ப கண்ணு சரியில்ல.

எந்திரி. செருப்பு வேணாம். தண்ணியில எறங்காத, அந்தக் கல்லு வரைக்கும் போயி, குந்து. குந்துன்னா குந்து, இடுப்புப் பையெல்லாம் இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன். அந்த பிஸ்கோத்தும் இருக்கட்டும். இப்ப அசையாத. கொஞ்ச நேரம் ஒண்ணும் பண்ணாத. உனக்கு வலப்பக்கம், ரெண்டு பாகம்கூட இல்ல, முட்டுக்கல்லு ஓரத்துல மடவைக் குஞ்சு செதறுது, தெரியுதா? டொப். கேட்டியா? மறுபடியும். வீசாத, வீசாத! கம்பை நீட்டி மேப்பக்கமா இறகைச் சும்மா விடு. தண்ணி கொண்டு போவட்டும். ஆங். கொஞ்சம் இழு. நிறுத்து. இழு. நிறுத்து... கையால இழுடா! கம்பை ஏன்டா தூக்கற!

போச்சு.

வெளிய வந்து உன் மூஞ்சிய ஒரு தடவ நல்லாப் பாத்துட்டுத்தான் போச்சு. நாலு கிலோ தேறும். பரவால்ல, கண்ணைத் தொடச்சுக்க. அது இன்னைக்கு இனிமே வராது. ரோட்டோரக் கடையில ரெண்டு டீ சொல்லு, எனக்குச் சக்கரை கம்மியா. நாளைக்கு வர்றதா இருந்தா அம்பது நிமிசம் தள்ளி வா, தண்ணி அவ்வளவு பிந்தும். போறப்ப அந்தக் கறுப்புக் கண்ணாடியக் குடுத்துட்டுப் போ. வெயில் ஏறினா தண்ணிக்கு அடியில இருக்கறது அதுல நல்லாத் தெரியும்னு அந்தப் படிச்ச புள்ள சொன்னான். நாளைக்கு வர்றப்ப தரேன்.