இரண்டாம் இருண்ட காலம்

தமிழக வரலாற்றில் இருண்ட காலங்கள் இரண்டு. முதலாவது களப்பிரர் காலம். சான்று போதவில்லை என்று பழைய பாடநூல்காரர்கள் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். இரண்டாவது 2008-ல் தொடங்கி 2014 வாக்கில் முடிந்தது. இதற்குச் சான்று கொட்டிக் கிடக்கிறது. கரண்ட்தான் இல்லை.

2012-ஐ இந்த இருண்ட காலத்தின் பொற்காலம் எனலாம். சென்னையில் ஒரு மணி நேரமாக இருந்த மின்வெட்டு அந்த ஆண்டு பிப்ரவரியில் இரண்டு மணி நேரமானது. தலைநகரமே தலையில் கைவைத்து உட்கார்ந்தது. கோவை, மதுரைப் பக்கமெல்லாம் அது பன்னிரண்டு மணி நேரத்தைத் தொட்டு, தீபாவளி நெருங்கியபோது அதையும் தாண்டியது. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. வந்ததற்குச் சந்தோஷப்படுவதா, போகப்போகிறதே என்று வருத்தப்படுவதா என்று புரியாமல் ஒரு தலைமுறையே மிக்சி மூடியை அழுத்திப் பிடித்தபடி நின்றது.

ராஜராஜனுக்குக் கதை எழுத ஆளிருக்கிறது. ஆகவே இந்தக் காலத்துக்கு நான் எடுத்துக்கொண்ட நாயகன் ஒரு மாணவன். கோவைக்கு வெளியே, சோளக்காட்டை அழித்துக் கட்டிய ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு ட்ரிபிள்-ஈ. மின்சாரம்தான் அவன் பாடம். அப்போது அவனைப் போல ஊருக்கு ஆயிரம் பேர் இருந்தார்கள். எழுத வசதியாக அத்தனை பேரையும் ஒருவனாகச் சுருட்டியிருக்கிறேன். பெயர் வேண்டாம். ‘நம்ம பையன்’ போதும்.

நம்ம பையன் படித்த லட்சணத்தை அவனுடைய லேப் ஒன்றே சொல்லும். இண்டக்‌ஷன் மோட்டாரைச் சுற்றவிட்டு, லோடு ஏற்றி, மீட்டரைப் பார்த்து ஆறு ரீடிங் எடுக்க வேண்டும். இரண்டாவது ரீடிங்கில் மோட்டார் ஒரு பெருமூச்சு விட்டு நிற்கும். லேப் அசிஸ்டென்ட் ஜன்னலைத் திறந்து வைப்பார். மீதி நான்கு ரீடிங்குக்கு சீனியரின் ரெக்கார்டு நோட்டு வரும். அந்த சீனியருக்கும் அவனுடைய சீனியர்தான் கொடுத்திருப்பான். அந்த ரீடிங்கை உண்மையாகவே எடுத்த புண்ணியவான் அநேகமாக 2007-ல் படித்து முடித்துப் போனவன்.

பாடம் இப்படி என்றாலும் கருத்துக்குப் பஞ்சமில்லை. மின்வெட்டு நேரத்தில் டிவி கிடையாது, ஃபேன் கிடையாது, மெஸ்ஸில் வெளிச்சம் கிடையாது. வாய் ஒன்றுதான் ஓடும். நோக்கியா 1100-இன் டார்ச்சைப் போட்டு நிமிர்த்தி வைத்து, அதன்மேல் தண்ணீர் பாட்டிலை நிறுத்தினால் அறை முழுக்க வெளிச்சம் பரவும். அந்த வெளிச்சத்தில்தான் இந்தியாவின் எதிர்காலம் இரவு தோறும் தீர்மானிக்கப்பட்டது.

2ஜி ஸ்பெக்ட்ரம் வழக்கில் நம்ம பையனுடைய பங்களிப்பு, இழப்பு என்று சொல்லப்பட்ட 1,76,000 கோடிக்கு எத்தனை சைபர் என்று ஹாஸ்டல் சுவரில் பென்சிலால் போட்டுப் பார்த்தது. 176-க்குப் பின்னால் பத்து வந்தது. இதில் பத்து ரூபாய் டாப்-அப் எத்தனை என்று வகுக்கும்போது பென்சில் முனை ஒடிந்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தபோது அந்தச் செய்தியை அவன் செல்போனில் வீடியோவாகவே பார்த்தான். சுவருக்கும் அதற்குள் வெள்ளையடித்துவிட்டார்கள்.

அவனை நேரடியாகத் தாக்கிய அரசு நடவடிக்கை வேறு. 2011 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு நூறு எஸ்.எம்.எஸ். என்று ரேஷன் போட்டது. விளம்பரக்காரர்களின் தொல்லையை ஒழிக்கப் போட்ட உத்தரவு, ஒழிந்தது காதல். காலையில் நாற்பது பேருக்கு ‘குட் மார்னிங்’ அனுப்பிவிட்டு, சாயங்காலம் முக்கியமான இடத்தில் ‘சாப்டியா’ என்று கேட்கக் கையிருப்பு இல்லாமல் தவித்தவர்களின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. அப்புறம் மனமிரங்கி இருநூறாக்கினார்கள்.

அதே செப்டம்பரில்தான் இலவச லேப்டாப்பும் வந்தது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி கல்லூரிகளுக்கு மட்டும். சுயநிதிக் கல்லூரியில் நிலத்தை அடமானம் வைத்துப் படித்தவனுக்குக் கிடையாது. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்த தங்கைக்கு உண்டு. மூடியில் முதல்வர் படத்தோடு வந்த அந்த மடிக்கணினியை அவள் தொடவிட மாட்டாள். வீட்டில் ஒரு மணி நேரம் கரண்ட் வந்தால் அதில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். லேப்டாப் சார்ஜருக்கா, அம்மாவின் கிரைண்டருக்கா என்று பங்காளிச் சண்டையே நடக்கும்.

கிரைண்டரைச் சொன்னால் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. 2011-ல் மிக்சி, கிரைண்டர், ஃபேன் இலவசம் என்று அறிவித்த அரசு, கோவைப் பட்டறைகளுக்கும் கிரைண்டர் ஆர்டர் கொடுத்தது. பட்டறை ஓட கரண்ட் இல்லை. டீசல் ஜெனரேட்டரில் ஓட்டினால் லேத்துக்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை. எப்படியோ செய்து அனுப்பிய கிரைண்டர் வீட்டுக்கு வந்தால், ஆட்ட கரண்ட் இல்லை. அதற்கு முந்தைய ஆட்சி ஒன்றரைக் கோடிக்கும் மேல் வண்ணத் தொலைக்காட்சி கொடுத்திருந்தது. அதுவும் அணைந்து கிடந்தது. இரண்டு கட்சிகளும் ஆளுக்கொரு பிளக் கொடுத்தார்கள், செருகும் இடத்தை யாரும் யோசிக்கவில்லை என்பது நம்ம பையனின் அரசியல் ஆய்வு. இந்த ஒரு விஷயத்தில் எந்தப் பேராசிரியரும் அவனைவிட மேலாகச் சொன்னதில்லை என்பது என் கட்சி.

வீட்டிலிருந்து போன் வரும். “ஏங்கண்ணு, நீ கரண்ட்டுக்குத்தான படிக்கிற? நாளைக்கு நம்மூட்டுக்கு எப்ப வருமுன்னு கேட்டுச் சொல்லு. மாவு ஆட்டோணும்.”

“அம்மா, அது ஈ.பி.காரங்களுக்கே தெரியாதும்மா.”

“அப்புறம் எதுக்கு ஃபீஸ் கட்டறோம்?”

இதற்கு இன்றுவரை பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ.யிடமும் பதில் இல்லை.

மின்வெட்டு ஏன் வந்தது என்பதற்கு நம்ம பையனிடம் பல விளக்கங்கள் இருந்தன. 2011 வரை எல்லாப் பழியும் மின் துறை அமைச்சர் ஆற்காடு வீராசாமிக்குப் போனது. அவர் பேரில் சுற்றிய எஸ்.எம்.எஸ். ஜோக்குகளைத் தொகுத்தால் தெனாலிராமனுக்குப் போட்டி. மே மாதம் ஆட்சி மாறியது. மின்வெட்டு போகும் என்று ஓட்டுப் போட்டவர்களுக்கு மின்வெட்டு கூடியது. 2012 ஏப்ரலில் கட்டணமும் 37 சதவீதம் கூடியது. இல்லாத பொருளுக்கு விலை ஏற்றும் வித்தையை நம்ம பையன் அங்கேதான் கற்றான். ஜோக்குகளில் அமைச்சர் பெயரை மட்டும் மாற்றி மறுபடி அனுப்பினார்கள்.

அவனுக்கு ரொம்பப் பிடித்த விளக்கம் மூலிகை பெட்ரோல். 1996-ல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை, இலையைப் போட்டுக் காய்ச்சிப் பெட்ரோல் எடுப்பதாகச் சொல்லி தில்லி வரை போனார். விஞ்ஞானிகள் பக்கத்தில் நின்று பார்த்தபோது பெட்ரோல் வரவில்லை; பின்னால் சி.பி.ஐ. வழக்கு வந்தது, 2016-ல் மூன்றாண்டு தண்டனையும் வந்தது. ஆனால் 2012-இன் டீக்கடை நீதிமன்றத்தில் அவர் நிரபராதி. “அமெரிக்காக்காரன் அமுக்கிட்டான் மச்சி” என்று நம்ம பையன் சொன்னால் பெஞ்சே தலையாட்டும். தெர்மோடைனமிக்ஸில் அரியர் வைத்தவன் அப்படிச் சொன்னதில் ஆச்சரியமில்லை. பாஸான மற்ற நான்கு பேரும் தலையாட்டியதுதான் ஆச்சரியம்.

கூடங்குளம் அணுமின் நிலைய விஷயத்தில் அவன் அப்துல் கலாம் கட்சி. 2011 நவம்பரில் கலாம் நேரில் போய்ப் பார்த்துப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் பேச்சில்லை. இடிந்தகரை மக்கள் கடலோரம் உட்கார்ந்து ஏன் பயப்படுகிறார்கள் என்று அவன் யோசித்ததாகத் தெரியவில்லை. அவன் கணக்கு எளிது: ஆயிரம் மெகாவாட், அதில் தன் ஃபேனுக்கு எழுபது வாட். 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டபோது அவன் பிறக்கவே இல்லை. அவன் பிறப்பதற்குள் கையெழுத்துப் போட்ட சோவியத் யூனியனே கலைந்துவிட்டது. மத்திய இணையமைச்சர் நாராயணசாமி மட்டும் ‘இன்னும் பதினைந்து நாளில்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பதினைந்து நாள் முடிந்து முதல் உலையின் மின்சாரம் கம்பிக்கு வந்தது 2013 அக்டோபர் 22-ல்.

சரி, அவன் சரியாக ஒன்றுமே சொல்லவில்லையா? சொன்னான், ஒரே ஒரு தடவை.

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின்தொகுப்பு சரிந்தது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் படுத்துவிட்டன; அறுபது கோடிப் பேர் இருட்டில். ரயில் நடுவழியில் நின்றது, சுரங்கத்தில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். தமிழ்நாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று இங்கே மின்வெட்டே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருந்தது. ஆனால் அது நம் சொந்த மின்வெட்டு.

அன்றைக்கு டீக்கடையில் மாஸ்டர் கேட்டார்: “ஏனுங் தம்பி, தில்லியே போயிருச்சாம். நம்முளுது எப்படிங் தப்புச்சு?”

பவர் சிஸ்டம்ஸ் பேப்பரில் பதினாறு மார்க் கேள்வியாக வரும் என்று அந்த வாரம்தான் படித்திருந்தான். கடகடவென்று சொன்னான். மற்ற தொகுப்புகள் எல்லாம் ஒரே தாளத்தில் ஓடுகின்றன. ஒன்று தடுக்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு விழும். தெற்கு தனித் தாளம். நடுவில் சில டி.சி. இணைப்புகள் மட்டும். அதனால் தப்பித்தோம். தப்பித்த அதே காரணத்தால்தான் செத்துக்கொண்டும் இருக்கிறோம்: பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, நம்மிடம் கயிறு பத்தவில்லை. நமக்குப் பற்றாக்குறை நாலாயிரம் மெகாவாட். ஏழாயிரம் மெகாவாட் அளவுக்குக் காற்றாலை இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, உடுமலையிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாடி சுற்றும். புரட்டாசி போனால் படுத்துவிடும். பல வருஷம் புது அனல்மின் நிலையம் கட்டாமல் விட்டதற்கு இப்போது அனுபவிக்கிறோம்.

முழுப் பதினாறு மார்க்கும் போடலாம். பெஞ்சில் ஒருவரும் நம்பவில்லை. இவ்வளவு பெரிய இருட்டுக்கு ஒரு வில்லனாவது வேண்டாமா? மாஸ்டர் மட்டும் இரக்கப்பட்டு, “கம்பிதானுங் பிரச்சனை? நம்ம மச்சான் கம்பிக் கடைதான் வெச்சிருக்கானுங்” என்றார். நம்ம பையன் மறுநாள் மூலிகை பெட்ரோலுக்கே திரும்பிவிட்டான்.

அவன் சொன்னதையே அரசாங்கமும் சொன்னது, கொஞ்சம் தாமதமாக. தில்லி வேண்டாமென்று ஒப்படைத்த மின்சாரத்தைக் கேட்டுத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போனது. கொண்டுவரக் கம்பி இல்லை என்றார்கள். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி தெற்கை நாட்டின் தாளத்தோடு சேர்த்தது. மேட்டூரிலும் வடசென்னையிலும் வல்லூரிலும் புது யூனிட்டுகள் ஓடத் தொடங்கின. ஒரு கட்சி திட்டம் நான் போட்டது என்றது, மறு கட்சி சுவிட்ச் நான் போட்டது என்றது. இரண்டுமே உண்மை. இருட்டில் உட்கார்ந்தது யார் என்று மட்டும் யாரும் உரிமை கோரவில்லை.

நம்ம பையன் 2014-ல் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தான். ஜாவா எழுதுகிறான். படிப்பு முடிந்தபின் அவன் தொட்ட ஒரே மின்சாதனம் ஏ.சி. ரிமோட். இப்போது அவனுக்குக் கருத்துகளும் குறைவு. கேட்டால் ‘ட்ராஃபிக்’ என்கிறான்.

அவன் முதல் சம்பளத்தில் வீட்டுக்கு வாங்கிக் கொடுத்த இன்வெர்ட்டர் இன்னும் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். அதன் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி எத்தனை மாதம் ஆயிற்று? கோடை வருவதற்குள் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.