மோதிரத்துக்குமா இன்சூரன்ஸ்?

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தங்கச்சியின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை இங்கிருந்து வைர மோதிரம் வாங்கி வருவதாகவும், அதற்கு இன்சூரன்ஸ் போடவேண்டும் என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். "பொண்ணு விரல்ல கிடக்கப்போற சாமானுக்குமா இன்சூரன்ஸ்? எவன் வந்து எடுக்கப்போறான்?" என்ற உங்கள் கேள்வி நியாயமானதுதான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். அந்த மாவட்டத்தில் பிறந்தவனுக்குப் பொருள் போவதென்றால் திருடன் வந்துதான் போகவேண்டும். அவனுக்கு ஒரு மாங்காய்ப் பூட்டு போதும். ஆனால் விரலுக்குப் பூட்டுப் போட முடியாது, சித்தப்பா. மோதிரத்தைப் பொறுத்தவரை திருடனுக்கு மூன்றாம் இடம்தான். முதல் இடம் அதைப் போட்டிருப்பவருக்கு, இரண்டாவது சமையலறைக்கு.

நம் பக்கத்தில் நகைக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று யார் சொன்னது? வெளியூர் போகும்போது நகையைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து, வந்த பணத்தைத் தொடாமல் கணக்கிலேயே விட்டுவிட்டு, திரும்பி வந்ததும் மீட்கிறவர்கள் எத்தனையோ பேர். கட்டுகிற வட்டிதான் பிரீமியம். புத்திசாலித்தனமான ஏற்பாடு அது. ஏனென்றால் தங்கத்தின் மதிப்பு எடையில் இருக்கிறது. வளையல் நசுங்கினாலும் சங்கிலி அறுந்தாலும் எடை குறைவதில்லை. அதே கவுன்ட்டரில் இந்த மோதிரத்தைக் கொண்டுபோய் வையுங்கள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுப்பார், தராசில் போடுவார், கல்லுக்கு என்று ஒரு எடையைக் கழிப்பார், மிச்சத்தைச் சொல்வார். 6,000 டாலர் கொடுத்து வாங்கிய மோதிரமாக இருந்தாலும் அவர் கணக்கில் நிற்பது சில கிராம் தங்கம், அதுவும் பெரும்பாலும் 14 காரட். காசெல்லாம் கல்லில் இருக்கிறது, கல்லுக்கோ அங்கே மரியாதை இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. நிச்சயம் என்றால் வைரம்தான் என்று உலகத்தை நம்பவைத்ததில் பாதி வேலை விளம்பரத்துடையது. வைரத்துக்கு அழிவே இல்லை என்ற அர்த்தத்தில் டி பியர்ஸ் நிறுவனத்துக்கு 1947-இல் வாசகம் எழுதிக் கொடுத்த பிரான்சிஸ் கெரட்டி, கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை!

ஆகவே என் கட்சி இதுதான். எடையில் மதிப்புள்ள நகைக்குப் பூட்டும் பெட்டியும் போதும். கல்லில் மதிப்பு இருந்து, அதையும் தினமும் போட்டுக்கொண்டு திரிவதானால், தனி பாலிசி வேண்டும். அந்தப் பாலிசியும் களவு போனால் மட்டும் தருவதாக இருக்கக்கூடாது; தொலைந்தாலும் தரவேண்டும். இங்கே வாடகை வீட்டுக்காரருக்கும் வீட்டுச் சாமான் இன்சூரன்ஸ் உண்டு. நகையும் அதிலேயே அடக்கம்தானே என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கம்தான், ஆனால் சாதாரண பாலிசியில் நகைத் திருட்டுக்கு உச்சவரம்பு பெரும்பாலும் 1,500 டாலர். 6,000 டாலர் மோதிரம் களவு போனால் கால்வாசி வரும். கைதவறித் தொலைந்தால் ஒன்றும் வராது, தீ, திருட்டு என்று அவர்கள் போட்டிருக்கும் பட்டியலில் மறதி கிடையாது. மோதிரத்தைத் தனியே குறிப்பிட்டுச் சேர்த்துக்கொண்டாலோ, 1913 முதல் விஸ்கான்சினில் இருக்கும் ஜுவல்லர்ஸ் மியூச்சுவல் போல நகைக்கென்றே உள்ள கம்பெனியில் எடுத்தாலோ கதை வேறு. எப்படிப் போனது என்றே தெரியாமல் காணாமல் போனாலும் பொதுவாகத் தருவார்கள். நம் ஊர் எரியோட்டுக்குத் திருவிழாவுக்கு வந்த இடத்தில் போனாலும் தருவார்கள். இதற்குப் பிரீமியம் ஆண்டுக்கு மதிப்பில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை, அதாவது 60 முதல் 120 டாலர்.

தொலையும் விதங்களைச் சொன்னால்தான் நம்புவீர்கள். இங்கே பல வீடுகளில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மிச்சம் மீதியை அரைத்துத் தள்ளும் மிஷின் ஒன்று இருக்கிறது, சுவரில் அதற்கு சுவிட்ச். சப்பாத்தி மாவு பிசைய மோதிரத்தைக் கழற்றித் தொட்டி ஓரத்தில் வைக்கிறவர்கள், கை கழுவும்போது அதைத் தட்டிவிட்டு, கறிவேப்பிலைக் காம்புதான் சிக்கியிருக்கிறது என்று சுவிட்சைப் போட்டால் முடிந்தது கதை. குளிர்காலத்தில் விரல் சுருங்கிப்போகும். கையுறையைக் கழற்றினால் மோதிரமும் கூடவே வந்து பனிக்குவியலில் விழும். இன்னொரு விதமும் உண்டு. கல்லைப் பிடித்திருப்பவை நாலோ ஆறோ மெல்லிய கம்பிகள்தான். அதில் ஒன்று ஸ்வெட்டர் நூலில் மாட்டி நெளிந்தால் கல் எங்கேயாவது உதிர்ந்துவிடும், வெறும் வளையம் விரலிலேயே நிற்கும். கம்பி தேய்ந்துபோனதற்குப் பொறுப்பில்லை என்று பாலிசியில் எழுதியிருப்பார்கள், அதனால் வருஷத்துக்கு ஒருமுறை கல் ஆடுகிறதா என்று கடையில் காட்டிக்கொள்வது நல்லது.

"எல்.ஐ.சி.யில் கட்டினால் போனஸோடு வருது, இதுல கட்டுற காசு திரும்ப வராதே" என்பீர்கள். வராதுதான். பத்து வருஷம் கட்டினாலும் அதிகபட்சம் 1,200 டாலர், மோதிரத்தின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. இன்னொன்றை யோசிக்காமல் வாங்கக்கூடிய பணக்காரருக்கு இது தண்டச்செலவு. 500 டாலர் மோதிரத்துக்கும் வேண்டாம் என்பேன். புதுக் குடித்தனத்தில் ஒரே மூச்சில் 6,000 போனால் தாங்காது என்பவர்களுக்குத்தான் இது. "லாக்கர்ல வச்சா போச்சு" என்றால், லாக்கரில் வைப்பதற்கா மோதிரம்? அப்படியே வைத்தாலும், 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, ஊழியர் மோசடி என்று எது நடந்தாலும் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கோடு சரி. 2,000 ரூபாய் வாடகைக்கு 2 லட்சம். இன்றைய பவுன் விலைக்கு அதில் ஒரு தாலிக்கொடி கூடத் தேறாது.

வீட்டுக்கு எடுக்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியை யாராவது காட்டினால் அதையும் படித்துப் பாருங்கள். நகையைச் சேர்க்க அதில் வழி உண்டு, ஆனால் தீ, வெள்ளம் போன்ற ஆபத்து நடந்து, அதைத் தொடர்ந்து 7 நாளுக்குள் திருட்டுப் போனால்தான் அந்தத் திருட்டு சேர்த்தி. நம் குடகனாற்றில் தண்ணீர் வருவதே அபூர்வம். வெள்ளம் வரும்வரை பொறுத்திரு என்று திருடனிடம் யார் சொல்வது? அங்கே எடுப்பதானால் வீட்டுப் பாலிசியிலேயே நகைக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அதைக் கேட்டு வாங்கவேண்டும்.

மதிப்பைக் கூட்டிப் போடுவது பெருமை என்று மட்டும் நினைக்காதீர்கள். 6,000-க்கு வாங்கியதற்கு 9,000 என்று மதிப்புச் சான்று எழுதித்தரும் கடைகள் இங்கே உண்டு. பிரீமியத்தை 9,000-க்கு வாங்கிக்கொண்டு, தொலைந்தால் தங்களுக்குத் தெரிந்த வியாபாரியிடம் மலிவாக எடுத்து அதே மாதிரி மோதிரம் தருவதுதான் பல கம்பெனிகளின் வழக்கம். ஆய்வகத்தில் வளர்த்த வைரமாக இருந்தால் விலை சில ஆண்டுகளில் வெகுவாக இறங்கிவிட்டது, அதைப் பழைய மதிப்பிலேயே வைத்திருந்தால் நஷ்டம் நமக்கு. அதனால் ரசீது விலைக்கே போடச் சொல்லுங்கள். அதே மோதிரம், அதே ராசி திரும்ப வருமா என்று அப்பத்தா கேட்டால், வராது. அதை எந்தக் கம்பெனியும் தருவதாகச் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, சொன்னால் வாயைக் கழுவு என்பீர்கள். நிச்சயம் முறிந்தால் மோதிரம் யாருக்கு என்று மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் வரை ஒரு வழக்கு போய், 70,000 டாலர் மோதிரத்தைத் தப்பு யார் பக்கம் என்று பார்க்காமல் கொடுத்தவருக்கே திருப்பச் சொல்லி 2024 நவம்பரில் தீர்ப்பு வந்தது. நமக்கு அது வேண்டாம். ஆனால் கல்யாணம் வரை மோதிரத்துக்கு உடையவர் ஒருவர், போட்டிருப்பவர் இன்னொருவர் என்ற சிக்கல் பாலிசிக்கும் உண்டு. மாப்பிள்ளை பெயரில் எடுக்கும்போதே, போட்டிருக்கப்போகிறவர் எரியோட்டில் இருக்கிறார் என்று சொல்லி, செல்லும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். தங்கச்சி இங்கே வந்திறங்கியதும் அவள் பெயரையும் சேர்த்துவிடலாம். ரசீது, வைரச் சான்றிதழ் இரண்டின் நகலும் உங்களிடம் ஒன்று இருக்கட்டும். பல கற்களில் அந்தச் சான்றிதழ் எண்ணை விளிம்பில் லேசரால் பொறித்திருப்பார்கள், பூதக்கண்ணாடியில் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். விரல் அளவை மத்தியான வெயிலில் எடுத்து அனுப்பிவிடாதீர்கள், சூட்டுக்கு விரல் உப்பியிருக்கும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று எடுத்து இரண்டையும் மாப்பிள்ளைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்